இடம்பெயர்ந்த ஆறு



கடந்த தை மாதம் எங்கள் பகுதி மாதர் சங்கக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கெல்லாம் பார்த்து முடிந்த பிறகு, முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, நீ அமெரிக்கா போய் வந்தனி எண்டு சொல்லுகினம். அங்க என்னத்தைப் பார்த்தனி?" என்று கேட்டார். "ஒரு ஆறு பார்த்தன் அம்மா" என்றேன். கூட்டம் முழுவதும் சிரித்தது. "ஆறு பாக்கவோ பிளேன் ஏறிப் போனனி? எங்கட கனகராயன் ஆறு காணாதோ?" என்றார் இன்னொருவர்.

நாலு மணி பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 செப்டெம்பரில், குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்களுக்கான ஆறு வாரப் பயிற்சிக்காக மொன்ரானா என்ற மாநிலத்துக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டியிருக்கும் மாநிலம் அது. எங்களை விடுதியில் தங்கவைக்காமல் வீடுகளில் தங்கவைத்தார்கள். எனக்குக் கிடைத்தது எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாவின் வீடு. கணவரை இழந்தவர். மாட்டுப் பண்ணையை இப்போது மகன் பார்க்கிறார். பயிற்சி இல்லாத சனி, ஞாயிறுகளில் தன் பழைய பிக்கப்பில் என்னை ஏற்றிக்கொண்டு போய் ஊர் காட்டினார். அப்படிப் பார்த்ததுதான் மிசூரி ஆற்றின் "பிரேக்ஸ்" நிலம்.

பிரேக்ஸ் என்றால் உடைவுகள். முறிப்பு என்று எங்கள் வன்னியிலும் ஊர்ப்பெயர்கள் இருப்பதால் அந்தச் சொல் எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. அங்கே உடைந்திருப்பது குளக்கட்டு அல்ல, சமவெளியே உடைந்திருக்கிறது. கோதுமை வயல், புல்வெளி, மறுபடியும் கோதுமை வயல் என்று மணித்தியாலக் கணக்கில் வாகனம் ஓடுகிறது. ஒரு மேடும் இல்லை, மரமும் இல்லை. வானம்தான் பெரிதாக இருக்கிறது. ஆறு எங்கே, எங்கே என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த அம்மா பேசாமல் ஓட்டினார். திடீரென்று நிலம் முடிந்துவிட்டது! காலடியில் பல நூறு அடி பள்ளம். பள்ளத்துக்குள் குன்றுகள், குன்றுகளுக்கு இடையில் கிளை கிளையாய் ஓடைகள், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பழுப்பு நிறக் கோடு. அதுதான் மிசூரி.

மிசூரியின் நீளம் ஏறக்குறைய 3,767 கிலோமீற்றர். வட அமெரிக்காவின் மிக நீண்ட ஆறு அது. எங்கள் மகாவலி 335 கிலோமீற்றர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த ஆற்றில் போர்ட் பென்ரன் என்ற சிறு நகரத்திலிருந்து கீழ்நோக்கி 149 மைல் தூரம் 1976 ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தால் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பின்னர் 2001 ஜனவரி 17 அன்று, ஜனாதிபதி கிளின்ரன் பதவி விட்டு இறங்குவதற்கு மூன்று நாள் முன்பாக, ஆற்றின் இரு கரையிலும் உள்ள அரச காணியில் ஏறக்குறைய 3 இலட்சத்து 77 ஆயிரம் ஏக்கரைத் தேசிய நினைவு நிலமாகப் பிரகடனப்படுத்தினார். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலம் ஏன் இப்படி உடைந்தது? நான் சமூகவியல் படித்தவள், மண்ணின் கதை எனக்குப் புதிது. போர்ட் பென்ரனில் உள்ள தகவல் நிலையத்தில் ஒரு முழுக் காலைப் பொழுதையும் செலவழித்துத்தான் ஓரளவு விளங்கிக்கொண்டேன். ஏறக்குறைய எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சமவெளியில் கடல் இருந்தது. கடல் முன்னேறியபோது சேறு படிந்தது, பின்வாங்கியபோது கரை மணல் படிந்தது. சேறு இறுகிக் கறுப்புக் களிப்பாறையாயிற்று. மணல் இறுகி வெள்ளை மணற்கல்லாயிற்று. பிறகு, ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு அந்தப் படைகளின் வெடிப்புகளுக்குள் ஏறி இறுகியது. சுற்றியிருந்த மென்மையான கல்லை மழையும் காற்றும் தின்ன, இறுகிய பாறை மட்டும் எஞ்சி, யாரோ கட்டிவிட்டுப் போன மதில் போலக் கறுப்பாக நிற்கிறது.

கடைசியாகச் சொன்ன கதைதான் என்னை அங்கேயே நிற்கவைத்தது. மிசூரி முன்பு இந்த வழியால் ஓடவில்லை. அது வடகிழக்கே திரும்பிக் கனடா வழியாக ஹட்சன் வளைகுடாவில் விழுந்தது. பனியுகத்தில் வடக்கிலிருந்து பெரும் பனிப்படலம் இறங்கி வந்து அதன் வழியை மறித்தது. ஆற்றுக்குப் போக இடமில்லை. தேங்கி, ஏரியாகி, கடைசியில் பனியின் ஓரத்தைச் சுற்றித் தெற்கே புது வழி வெட்டிக்கொண்டு போனது. பனி உருகிய பிறகும் அது பழைய வழிக்குத் திரும்பவில்லை. பழைய அகன்ற பள்ளத்தாக்கில் இப்போது மில்க் என்ற சின்ன ஆறு ஓடுகிறது, பெரிய வீட்டில் தனியாகக் குடியிருக்கும் பிள்ளையைப் போல. புது வழி நிலத்தின் கணக்கில் மிக அண்மையில் வெட்டப்பட்டது, அதனால்தான் கரை இன்னும் செங்குத்தாக, ஆறாத காயம் போல இருக்கிறது. அந்தக் களிப்பாறை மிகவும் மென்மையானது. அங்கே ஆண்டுக்கு விழும் மழை ஏறக்குறைய 13 அங்குலம்தான், வன்னி மழையில் கால்வாசி. மண்ணைப் பிடித்து வைக்கப் போதிய மரம் செடி இல்லை. மழை வரும்போது கொட்டித் தீர்க்கும். அப்படியே நிலம் கரைந்து கரைந்து ஓடைகளாக உடைகிறது. வடக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் குறைவு, அதனால் ஈரம் தங்கிப் பைன் மரங்கள் நிற்கின்றன. தெற்கு நோக்கிய சரிவுகள் மொட்டை. ஒரே குன்றின் இரண்டு பக்கமும் இரண்டு நாடு போல இருக்கும்.

ஆறும் இடம்பெயர்ந்ததுதான் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அதை அப்படி யோசித்ததில்லை போலும், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை வேர்ஜல் என்ற இடத்தில் பாதையில் ஏறினோம். ஊர்காவற்றுறைப் பாதையில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதைப் போலத்தான், இது சின்னது. ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டியிருக்கிறார்கள், இரண்டு மூன்று வாகனம் ஏறலாம், காசு வாங்குவதில்லை. அக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, சற்றுக் கீழே உள்ள இறங்குதுறையிலிருந்து அந்த அம்மாவின் சகோதரரோடு வள்ளத்தில் போனோம். நான் வள்ளம் ஏறப் பயந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். 2009 க்குப் பிறகு நான் வள்ளத்தில் ஏறியதில்லை. ஆனால் அந்த ஆறு அலையில்லாமல், ஆள் நடக்கும் வேகத்தில், எந்தச் சத்தமும் இல்லாமல் கொண்டுபோயிற்று.

வெள்ளைக் கல் மலைகள் இரு புறமும் எழும்பின. கோயில் கோபுரம், தூண் மண்டபம், இடிந்த கோட்டை என்று மனம் எதையாவது நினைத்துக்கொள்ளும். அரசாங்கம் அனுப்பிய லூயிஸ், கிளார்க் என்ற இருவரின் குழு 1805 மே 31 அன்று இந்த இடத்தைக் கடந்தது. லூயிஸும் இதைப் பார்த்துப் பழைய மாளிகைகளின் இடிபாடுகளை நினைத்துக்கொண்டு நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதே வள்ளங்களில் சக்காகவேயா என்ற ஷோஷோனி இனப் பெண்ணும் இருந்தார். சிறு வயதில் வேற்றினத்தார் பிடித்துக்கொண்டு போன பெண். பதின்ம வயது, கையில் பெப்ரவரியில் பிறந்த ஆண் குழந்தை. அவர் எதுவும் எழுதவில்லை. அந்த மலைகளைப் பார்த்து அவருக்கு என்ன நினைவு வந்திருக்கும்? பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, ஆண்கள் முப்பது பேருக்கு மேல் உள்ள கூட்டத்தில், நாலு மாதக் கைக்குழந்தையோடு போன பெண்ணுக்கு மலை பார்க்க நேரம் இருந்திருக்குமா என்றும் யோசித்தேன்.

கரையில் கொட்டன்வூட் என்ற மரங்கள். எங்கள் இலவம் பஞ்சு போல விதை பறக்குமாம். எல்லாம் முதிய மரங்கள், கன்றுகள் மிகக் குறைவு. வெள்ளம் வந்து கரையில் புது வண்டல் போட்டால்தான் அதன் விதை முளைக்கும். ஆற்றின் மேற்பகுதியிலும் கிளையாறுகளிலும் அணைகள் கட்டிய பிறகு பெரிய வெள்ளம் அரிதாகிவிட்டது. "என் தகப்பன் காலத்து மரங்கள் இவை, என் பேரப்பிள்ளைகள் காலத்தில் என்ன நிற்குமோ தெரியாது" என்றார் அந்த அம்மாவின் சகோதரர். வெள்ளம் வராதது ஒரு குறை என்பதை அங்கேதான் முதல் தடவையாகக் கேட்டேன். 

மூன்றாவது வாரம் கவ் ஐலண்ட் என்ற ஆற்றுத் திட்டைப் பார்க்கப் புறப்பட்டோம். போய்ச் சேரவில்லை. சமவெளியில் கிறவல் வீதி முடிந்து மண் வீதி தொடங்கிய இடத்தில் தூறல் பிடித்தது. அந்த அம்மா உடனே வாகனத்தை நிறுத்தினார். "இனி ஒரு அடி போகமாட்டேன்" என்றார். இந்தத் தூறலுக்கா என்று நான் இறங்கி நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடியில் சப்பாத்து காலை விட்டுக் கழன்றுகொண்டது. அந்தக் களியை அங்கே "கம்போ" என்கிறார்கள். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. சில்லில் ஒட்டி, சில்லு சுற்றவே முடியாமல் செய்துவிடும். செட்டிகுளம் முகாமில் 2009 ஆவணி மழைக்குக் கூடாரத்துக்குள் சேறு ஏறியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சேறே இதற்குப் பரவாயில்லை என்று தோன்றியது. இரண்டு பேருமாகச் சப்பாத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் கோப்பி குடித்தபடி காணிக் கதை வந்தது. அந்த அம்மாவின் பாட்டி திருமணமாகாத பெண்ணாக வந்து தன் பெயரிலேயே 320 ஏக்கர் எடுத்தவராம். நான் நம்பவில்லை. பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 வயதான அல்லது குடும்பப் பொறுப்பில் உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். திருமணமாகாத பெண், விதவை, கணவர் கைவிட்ட பெண் எல்லோருக்கும் ஆணுக்குச் சமமான உரிமை. கணவரோடு வாழும் மனைவிக்கு மட்டும் இல்லை. முதலில் 160 ஏக்கர், வறண்ட பகுதிகளுக்கு 1909 இல் 320 ஏக்கர் ஆக்கினார்கள். எங்கள் நாட்டில் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியில், பின்னுரித்து எழுதாமல் கணவர் இறந்தால் மனைவி இருந்து அனுபவிக்கலாம், ஆனால் மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். இதைத் திருத்த 2022 ஆம் ஆண்டு வரை எங்களுக்குச் சென்றது. ஆகவே அந்தப் பாட்டியின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1917 தொடக்கம் மழை பொய்த்தது. வந்தவர்களில் பெரும்பகுதியினர் வீட்டையும் கலப்பையையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரையில் இன்றும் கூரை இடிந்த மரவீடுகளைக் காணலாம். அந்தப் பாட்டி எப்படியோ தாக்குப்பிடித்தார். இன்னொன்றும் உண்டு. அந்த 320 ஏக்கர் யாருடையது? 1855 ஒக்ரோபரில், இதே ஆற்றோடு ஜூடித் ஆறு கலக்கும் இடத்தில், பிளக்ஃபீற் முதலிய பூர்வீக மக்களோடு அரசாங்கம் ஓர் உடன்படிக்கை செய்தது. பெரும் நிலப்பரப்பு அவர்களுக்கென்றும் வேட்டைக்கென்றும் ஒதுக்கப்பட்டது. 1888 அளவில் அதில் மிகப் பெரும்பகுதி கை மாறிவிட்டது. அதன் பிறகுதான் "வெறும் காணி" என்று பங்கிட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த உறுதிப் பத்திரம் இன்னொரு பெண்ணின் வீட்டு முற்றமாக இருந்திருக்கிறது. இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். அவரே சொன்னார்: "எங்களுக்கும் அது தெரியும். சொல்வதில்லை, அவ்வளவுதான்."

2001 இல் நினைவு நிலம் பிரகடனப்படுத்தியபோது அவர் குடும்பம் கடுமையாக எதிர்த்ததாம். மாடு மேய்க்கும் அனுமதி போய்விடும், வீதி பூட்டுவார்கள் என்ற பயம். எல்லைக்குள் தனியார் காணிகளும் அகப்பட்டன. 2017 இல் புதிய அரசாங்கம் இத்தகைய இடங்களை மீளாய்வு செய்தபோது இதைக் குறைக்காமல் அப்படியே விட்டார்கள். மேய்ச்சல் அனுமதி தொடர்கிறது, மாடுகள் இப்போதும் அந்தக் குன்றுகளில் மேய்கின்றன. "பயந்த அளவு நடக்கவில்லை. ஆனால் எங்களைக் கேட்டுச் செய்திருக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வசனத்தை நான் எங்கள் ஊரில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! 2015 ஆம் ஆண்டில் வடக்கில் சுண்டிக்குளம், மடு வீதி போன்ற இடங்கள் தேசிய பூங்காக்களாயின. காட்டையும் பறவையையும் காப்பதற்கு நான் எதிரியல்ல. ஆனால் இருபது வருடம் இடம்பெயர்ந்திருந்து திரும்பிப் போகும் பெண்ணுக்குத் தன் கிணற்றடியில் எல்லைக்கல் நின்றால், அவள் இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றைதான் காடு என்று கணக்கிடப்பட்டிருந்தால், அவளிடம் எந்தப் பறவையைக் காட்டுவது?

கவ் ஐலண்ட் பார்க்க நான் ஏன் ஆசைப்பட்டேன் என்று சொல்லவில்லையே. 1877 செப்டெம்பர் 23 அன்று அந்த இடத்தில் நெஸ் பேர்ஸ் மக்கள் மிசூரியைக் கடந்தார்கள். அவர்கள் தங்களை நிமீபூ என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய மண் மேற்கே, ஒரிகன், ஐடஹோ பக்கம். 1855 இல் ஏறக்குறைய 75 இலட்சம் ஏக்கரை அவர்களுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். தங்கம் கண்ட பிறகு, 1863 இல், அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து வைக்காத குழுக்கள் தங்கள் பள்ளத்தாக்குகளிலேயே இருந்தன. 1877 மே மாதம் முப்பது நாள் தவணை கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். பிறகு சண்டை மூண்டது. எண்ணூறு பேர் வரை, ஏறக்குறைய இரண்டாயிரம் குதிரைகளோடு, மலைகளைக் கடந்து கனடாவை நோக்கி ஓடினார்கள். பெரும்பான்மையினர் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். ஓகஸ்ட் 9 விடியற்காலையில் பிக் ஹோல் என்ற இடத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூடாரங்கள் மீது தாக்குதல் நடந்தது. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். இறந்தவர்களை ஆறுதலாகப் புதைக்க நேரமின்றி மறுபடி நடந்தார்கள்.

கவ் ஐலண்டை அடைந்தபோது கையில் உணவில்லை. ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் நீராவிக் கப்பல்கள் அங்கே சரக்கை இறக்கி வைப்பது வழக்கம். ஒரு சார்ஜன்டும் ஒரு டசின் அளவு சிப்பாய்களும் காவலுக்கு நின்றார்கள். பசிக்குக் கேட்டார்கள், காசு தருவதாகவும் சொன்னார்கள். கிடைத்தது ஒரு மூட்டைக் கடின பிஸ்கற்றும் ஒரு துண்டு உப்பிட்ட பன்றி இறைச்சியும். அத்தனை பேருக்கு! இரவு சண்டை தொடங்கியது. மா, சீனி, கோப்பி, அவரை என்று எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எரித்துவிட்டுப் புறப்பட்டார்கள். நிவாரண வரிசையில் நின்று பழகிய எனக்கு அந்தப் பிஸ்கற் மூட்டையின் கணக்கு விளங்குகிறது.

கடைசி வாரம் வடக்கே தார் வீதியால் போய் அவர்கள் தரித்து நின்ற இடத்தைப் பார்த்தேன். ஷினூக் என்ற ஊருக்குத் தெற்கே 16 மைலில் இருக்கிறது, பெயர் பெயார் போ. கரடியின் பாதம் என்று பொருள். எல்லைக்கு இன்னும் 40 மைல்தான். பின்னால் துரத்தி வந்த படை தூரத்தில் என்று நம்பி, களைத்த பிள்ளைகளுக்காகவும் குதிரைகளுக்காகவும் கொஞ்சம் ஓய்வெடுத்தார்கள். வேறு திசையிலிருந்து இன்னொரு படை வந்துவிட்டது. செப்டெம்பர் 30 காலை தொடங்கி ஒக்ரோபர் 5 வரை முற்றுகை. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கே பெரிய கட்டடம் ஏதுமில்லை. மஞ்சள் புல், சிறிய ஓடை, நடைபாதை. பாதையோரம் நிலத்தில் பள்ளங்கள் தெரிகின்றன. சில முழங்கால் அளவு, சில இன்னும் ஆழம் குறைவு, புல் மூடியிருக்கிறது. பெண்கள் வெட்டிய குழிகள் அவை. கிழங்கு கிண்டும் கொக்கி, இறைச்சிக் கத்தி, பொரிக்கும் சட்டி, கையில் இருந்தவை அவ்வளவுதான். அவற்றால் இறுகிய நிலத்தைத் தோண்டிப் பிள்ளைகளை உள்ளே இறக்கினார்கள். ஒக்ரோபர் 4 அன்று ஒரு பீரங்கிக் குண்டு குழியொன்றின் மேல் விழுந்து மண்ணை மூடியது. பன்னிரண்டு வயதளவு சிறுமியும் அவளுடைய பாட்டியும் அதற்குள் இறந்தார்கள். மற்றவர்களைக் கிண்டி எடுத்தார்கள்.

சகோதரிகளே, அந்த வரியைப் பலகையில் வாசித்தபோது நான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலைஞர்மடத்தில் எங்கள் பங்கரை அம்மாதான் வெட்டினார். மண்வெட்டி முதல் இடப்பெயர்விலேயே போய்விட்டது. சோறு வடிக்கும் சட்டியால் மணலை அள்ளினார். கூறைச்சேலையையும் தைத்து மண்மூட்டை ஆக்கினார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, நான் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடற்கரை மணல் நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். பக்கத்துக் குழியில் ஒரு நாள் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் பலருக்கு எழுதாமலே தெரியும். 2018 இல் ஒரு முறை அந்த இடத்துக்குப் போனேன். மணல் சமதளமாகிவிட்டது. எது எங்கள் குழி என்று அடையாளம் காண முடியவில்லை.

இங்கே 146 வருடத்துக்குப் பிறகும் குழி இருக்கிறது. மண் இறுகிய மண் என்பது ஒரு காரணம். யாரும் மூடாமல் விட்டதும் இன்னொரு காரணம். 1992 இல் அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுப் பூங்காவோடு சேர்த்தார்கள். அதே அரசாங்கத்தின் ஊழியர்கள்தான் இப்போது அந்தப் புல்லைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் முற்றுகை நடந்த நாட்களை ஒட்டி நிமீபூ மக்கள் வந்து நினைவுச் சடங்கு செய்கிறார்களாம். நான் போனபோது ஒரு கல்லின் மேல் சிவப்புத் துணி முடிச்சும் இரண்டு நாணயமும் இருந்தன.

சரணடைந்த நானூறுக்கும் மேற்பட்டோருக்கு, ஊர்ப்பக்கம் அனுப்புவோம் என்று படைத்தளபதி வாக்குக் கொடுத்தார். அனுப்பியது கன்சாசுக்கு, பிறகு இன்றைய ஒக்லஹோமாவுக்கு. பழக்கமில்லாத வெப்பத்திலும் காய்ச்சலிலும் நிறையப் பிள்ளைகள் இறந்தன. 1885 இல்தான் எஞ்சியவர்களை வடமேற்குக்கு விட்டார்கள். தலைவர் ஜோசப்புக்கு அப்போதும் சொந்தப் பள்ளத்தாக்கு கிடைக்கவில்லை, 1904 இல் வேறிடத்தில் இறந்தார். முதல் நாள் தாக்குதலின்போது தன் பன்னிரண்டு வயது மகளைக் குதிரையில் ஏறி ஓடச் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பியவர் அவர். ஏறக்குறைய இருநூறு பேர் இரவில் நழுவிக் கனடாவை அடைந்தார்கள். 2020 இறுதியில் நெஸ் பேர்ஸ் மக்கள், ஜோசப்பின் பள்ளத்தாக்கில் 148 ஏக்கரை விலை கொடுத்து வாங்கினார்கள். அடுத்த வருடம் குதிரைகளில் ஊர்வலமாகப் போய் அந்த மண்ணில் இறங்கினார்கள். சொந்த மண்ணைக் காசு கொடுத்து வாங்குவதா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவிடம் சொன்னேன். "கோபம் சரிதான். ஆனாலும் வாங்கினார்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

வாகனத்துக்குத் திரும்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னிடம் யுத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. வீடு வரும்வரை வானொலியைப் போடாமல் ஓட்டினார்.

ஊருக்கு வந்த அடுத்த நாள், அம்மா கிணற்றடியில் என் சப்பாத்தைக் கழுவ எடுத்தார். அடியில் இறுகிக் கிடந்த கம்போ தண்ணீருக்குப் போகவில்லை. தேங்காய் உடைக்கும் கத்தியின் முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து நனைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது நல்ல பிடிப்பான மண்ணடி பிள்ளை" என்றார். "வெட்டினா இடிஞ்சு விழாது."